பாட்டியின் பத்து வெள்ளியும் துன் சம்பந்தனும்

கோலாலம்பூருக்குப் படிக்க வந்த முதல் மாதத்தில், தோழியருடன் பிரிக்பீல்ட்ஸ் செல்வதற்காக மோனோரெயில் ஏறினேன். துன் சம்பந்தன் நிலையத்தில் இறங்கி, துன் சம்பந்தன் சாலையில் நடந்தோம். தோழி ஒருத்தி யார் இவர் என்று கேட்டாள். ம.இ.கா.வின் பழைய தலைவர், அமைச்சராக இருந்தவர் என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். அதற்கு மேல் அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கு மட்டும் பெண்டாங்கில் எங்கள் வீட்டுத் தகர டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதன் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. பாட்டி இறக்கும் வரை அதை வேறு யாரும் தொட அனுமதித்ததில்லை.

அது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம்.

இம்மலருக்குத் தலைவர் ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு தோழர்கள் கேட்டபோது இந்தத் தாளைத்தான் நினைத்தேன். துன் வீ. தி. சம்பந்தனை அரசியல்வாதியாக எழுதியவர்கள் பலர். நான் அவரை ஒரு வணிக நிறுவனத்தின் தலைவராகப் பார்க்க விரும்புகிறேன். பெரிய நிறுவனங்களின் தலைமை ஒரே இனத்தார், ஒரே வகுப்பார், ஆண்கள் என்றே இருந்துவிடக் கூடாது, எல்லாத் தரப்பினருக்கும் அங்கே நாற்காலி வேண்டும் என்று இன்று உலகமெங்கும் பேசுகிறார்கள். நம் நாட்டிலும் முடிவெடுக்கும் பதவிகளில் 30 விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும் என்று 2011இல் அரசு அறிவித்தது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் இயக்குநர் வாரியத்தில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதி 2022இலும் 2023இலும் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் 1960இலேயே, நம் நாட்டின் மிகப் பெரிய தொழிலில், அந்தத் தொழிலின் கடைசிப் படியில் நின்றவர்களை உரிமையாளர் நாற்காலியில் உட்கார வைக்க முயன்ற ஒருவர் இருந்தார். அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

முதலில் அவர் யாருடைய பிள்ளை என்று பார்க்க வேண்டும். 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் சம்பந்தன் பிறந்தார். தந்தை எம். எஸ். வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து, ரப்பர் தோட்டங்களுக்கு உரிமையாளரானவர். வெள்ளைக்காரத் துரைகளின் கோட்டையாக இருந்த தொழிலில் இந்தியர் ஒருவர் முதலாளியாக எழுந்தது அக்காலத்தில் அபூர்வம். மகன் கோலகங்சார் கிளிப்பர்ட் பள்ளியில் படித்துவிட்டுச் சிதம்பரம் சென்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அங்கே காங்கிரஸ் இயக்கமும் காந்தியடிகளின் கொள்கையும் அவரைப் பற்றிக்கொண்டன. மலாயாவுக்குத் திரும்பிய பிறகும் அது விடவில்லை. சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்ததற்கு அவரே முக்கிய காரணம். 1954இல் அதனைத் திறந்து வைக்க நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அந்தச் சிற்றூருக்கு வந்தார்.

சுங்கை சிப்புட் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். 1948 ஜூன் 16ஆம் நாள், அவ்வூரை அடுத்த தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அதிலிருந்துதான் தொடங்கியது. அன்று சம்பந்தனுக்கு 29ஆவது பிறந்த நாள். இது வெறும் தற்செயல்தான். ஆனாலும், தோட்டத்தின் மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் இடையே எவ்வளவு பகை புகைந்துகொண்டிருந்தது என்பதைப் பிறந்த ஊரிலேயே கண்ட மனிதர் அவர் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் படிகளை இங்கே விளக்கியாக வேண்டும். என்னுடன் படிப்பவர்களில் பலர் தோட்டம் பார்க்காதவர்கள். உச்சியில் துரை. அவர் மேட்டில் இருந்த பங்களாவில் குடியிருப்பார். அவருக்கு மேலே லண்டனில் இருந்த கம்பெனியை யாரும் பார்த்ததில்லை. துரைக்குக் கீழே ஆபீஸ் கிராணிமார். பெரும்பாலும் மலையாளிகள் அல்லது யாழ்ப்பாணத் தமிழர்கள். அவர்களுக்குக் கீழே கங்காணி, தண்டல். கடைசியில்தான் லயத்து வீட்டில் இருந்து விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து நின்று பெயர் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போகிற பால்மரத் தொழிலாளி. ஆணும் பெண்ணும் சரிபாதியாக மரம் வெட்டினார்கள். ஆனால் தண்டல் வேலைகூடப் பெண்ணுக்குக் கிடைத்ததாகப் பாட்டி சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவர் எந்தப் படியில் பிறந்தாரோ அந்தப் படியிலேயே இறப்பது என்பதுதான் தோட்டத்தின் எழுதாத சட்டம்.

அரசியலிலும் ஏறக்குறைய இதே கதை. 1946இல் தொடங்கிய ம.இ.கா.வின் முதல் நான்கு தலைவர்கள் ஜான் திவி, புத் சிங், கே. இராமநாதன், கே. எல். தேவாசர். நகரத்தில் வாழ்ந்த, ஆங்கிலத்தில் பேசிய, படித்தவர்களின் மன்றமாகவே கட்சி அப்போது இருந்தது. 1955 மே மாதம் சம்பந்தன் தலைவரானார். அதன் பிறகு கட்சி தோட்டங்களுக்குள் நுழைந்தது. தமிழில் பேசும் மேடைகள் வந்தன. லயங்களில் கிளைகள் திறக்கப்பட்டன. இதனால் கட்சி தமிழர்களுடையதாக மட்டும் சுருங்கிவிட்டது, படித்தவர்களும் மற்ற மொழியினரும் ஒதுங்கினார்கள் என்ற குறை அன்றே எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு கதவைத் திறந்தவர் இன்னொரு கதவு சாத்தப்படுவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்நாட்டு இந்தியர்களில் பெரும்பான்மையினர் தோட்டத்தில் இருந்தபோது, அவர்கள் இல்லாத கட்சி யாருடைய கட்சி என்ற கேள்விக்கு அவருக்கு முன்பிருந்தவர்களிடம் விடை இல்லை.

அமைச்சர் பதவிகளை வேகமாகக் கடந்து செல்கிறேன். அவை பாடநூல்களில் உள்ளன. 1955இல் தொழிலாளர் அமைச்சர், 1957இல் சுகாதாரம், 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, பிறகு 1974 வரை தேசிய ஒருமைப்பாடு. துங்கு அப்துல் ரஹ்மான், டான் செங் லோக் ஆகியோருடன் சுதந்திரத்தை வென்று தந்த கூட்டணித் தலைவர்களில் ஒருவர். இத்தனை இருந்தும், இவை எதுவும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் வரவில்லை.

பெட்டிக்குள் வந்தது துண்டாடலின் கதை.

சுதந்திரம் நெருங்கிய காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. நாளை நிலைமை எப்படி இருக்குமோ என்ற அச்சம் ஒரு காரணம். கிழட்டு மரங்களை வெட்டி மறுநடவு செய்யப் பணம் போட மனமில்லாதது இன்னொரு காரணம். வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று துண்டு போட்டு, துண்டுக்கு ஓர் ஆளாக விற்றுவிட்டுப் போனார்கள். சில மாதத்தில் பெரிய லாபம். இப்படி வாங்கி விற்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை.

துண்டு போட்டால் என்ன ஆகும்? அரசாங்கக் கணக்கில் நூறு ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் எஸ்டேட். அதற்குக் குறைந்தால் அது சிறுதோட்டம். லயம், மருந்துக்கடை, பிள்ளைக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி என்று தோட்டத்தோடு வந்தவற்றையெல்லாம் பத்து ஏக்கர்க்காரர் எப்படி நடத்துவார்? ஏன் நடத்துவார்? அவர் தன் வீட்டு ஆட்களை வைத்தே மரம் வெட்டிக்கொள்வார். இரண்டு தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பங்கள் ஒரே மாதத்தில் வேலையும் வீடும் சேர்த்து இழந்தன. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். பொருளாதாரம் படிக்கும் நண்பர்கள் நூலகத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம்.

சம்பந்தன் இதற்குச் சட்டத்தை மட்டும் நம்பவில்லை. விற்கிறார்கள் என்றால் நாமே வாங்குவோம் என்பதுதான் அவர் கண்ட வழி. கேட்பதற்கு எளிது. வாங்கப் பணம்? தொழிலாளியிடமே! 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டலாம். அமைச்சராக இருந்துகொண்டே அவர் தோட்டம் தோட்டமாகச் சென்றார். அவர் துணைவியார் உமா அம்மையாரும் உடன் சென்று பெண்களிடம் பேசினார். லயத்து வாசலிலும் கோயில் திடலிலும் நின்று, படிக்காத மக்களிடம் பங்கு என்றால் என்ன, கூட்டுறவு என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. தோட்ட முதலாளியின் மகன், அமைச்சர், இந்த மனிதருக்கு எதற்கு நம்முடைய பத்து வெள்ளி என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. அந்த ஐயத்தில் நியாயம் இருந்தது. அதற்கு முன்பு தோட்டத்துக்கு வந்து பணம் வசூலித்துக்கொண்டு காணாமல் போனவர்கள் குறைவா என்ன?

எங்கள் தாத்தாவும் ஐயப்பட்டவர்களில் ஒருவர். பெண்டாங் என்றால் வயல்வெளி என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரை நெல்தான். ஆனால் உட்பகுதியின் மேட்டு நிலங்களில் கித்தாக் காடுகளும் இருந்தன. அப்படி ஒரு தோட்டத்தில்தான் தாத்தாவும் பாட்டியும் மரம் வெட்டினார்கள். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. சங்கத்துக்காக ஆள் சேர்க்க வந்தவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டுத் தாத்தா முடியாது என்று சொல்லிவிட்டார். பத்து வெள்ளி என்பது பாட்டியின் கணக்கில் மூன்று நாள் மரம் வெட்டிய கூலி. மூன்று நாள் மழை பெய்து வேலை இல்லாமல் போனதாக நினைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்து, பாட்டி தன் பெயரில் சேர்ந்துவிட்டார். கையெழுத்துத் தெரியாது. பெருவிரல் ரேகைதான். செக்ரோலில் அல்லாமல் வேறொரு தாளில் தன் பெயர் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை என்று பாட்டி சொல்வார். தாத்தாவின் மனைவி என்றோ இன்னாருடைய மகள் என்றோ இல்லாமல், தனி ஆளாக ஒரு சங்கத்தில் உறுப்பினர். கூட்டுறவின் விதிப்படி பங்கு ஒன்று வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, நூறு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. கம்பெனிச் சட்டம் அப்படி இல்லை. அங்கே பணம் பேசும்.

1961இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அது வேறெங்கும் இல்லை, எங்கள் கெடா மாநிலத்திலேயே, தெற்குப் பக்கம் இருக்கும் புக்கிட் சிடிம் தோட்டம். துண்டு போடாமல் முழுத் தோட்டமாக வாங்கப்பட்டது. மரம் வெட்டியவர்களின் சேமிப்பில் வாங்கிய தோட்டம்! பிரிட்டிஷ் கம்பெனியான கத்ரியின் பெரும்பங்கை 1981 செப்டம்பர் மாதத்தில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் நம் அரசு சார்ந்த நிறுவனம் வாங்கியதை இந்நாட்டு வணிக வரலாற்றின் பெரும் நிகழ்ச்சியாகப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நடந்த வாங்கலும் அந்த வரிசையில் ஒரு பத்தியாவது பெற வேண்டாமா?

ஆனால் எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் வாங்கிவிட முடியவில்லை. விற்பனைக்கு வந்த நிலம் மலையளவு, சேர்ந்த பணம் கையளவு. பாட்டி பணம் கட்டத் தொடங்கிய இரண்டாவது ஆண்டில் எங்கள் தோட்டம் கை மாறியது. அளவைக்காரர்கள் வந்து சிவப்புக் கம்பு நட்டார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அரை நூற்றாண்டாக இருந்த காளியம்மன் கோயிலின் சூலத்தை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு மக்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். சிலர் சுங்கைப் பட்டாணிக்கும் சிலர் கூலிமுக்கும் போனார்கள். எங்கள் குடும்பம் பெண்டாங் பட்டணத்தின் ஓரத்தில் பலகை வீடு ஒன்றில் ஒதுங்கியது. மலாய்க்காரர் ஒருவரின் ஐந்து ஏக்கரில் பாதிக்குப் பாதி என்று பாட்டி மரம் வெட்டப் போனார். அந்த நாளிலும் மாதப் பணத்தைக் கட்டி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அதற்காகத் தாலியில் இருந்த குண்டுமணித் தங்கம் அடகுக்குப் போனது என்று அப்பா சொல்வார்.

இதை யோசிக்கும்போது எனக்கு விசித்திரமாக இருக்கும். சொந்தமாக ஒரு சாண் மண் இல்லாத பெண், கண்ணால் பாராத புக்கிட் சிடிம் தோட்டத்துக்குச் சட்டப்படி உரிமையாளர்களில் ஒருவர். இதில் பாட்டிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஈவுத்தொகையாக ஆண்டுக்குச் சில வெள்ளிகள் என்பதுதான் கணக்கு. சம்பந்தனின் திட்டத்தைக் குறை சொல்பவர்கள் இங்கேதான் கை வைக்கிறார்கள். பங்கு வைத்திருப்பவர் ஆண்டுக் கூட்டத்தன்று முதலாளி, மறுநாள் விடியலில் மீண்டும் பெரட்டில் நிற்கும் தொழிலாளி என்பது அவர்கள் வாதம். ஒருவருக்குப் பங்கு கொடுப்பது வேறு, முடிவெடுக்கும் அறையில் இடம் கொடுப்பது வேறு. வாரியத்தில் உட்கார்ந்தவர்கள் இந்தியர்கள்தான், ஆனால் அவர்களும் படித்தவர்கள், பட்டணத்தார். பால்வாளி தூக்கிய கை அந்த மேசை வரை எட்ட இன்னும் பல படிகள் இருந்தன. இந்தக் குறையை நான் மறுக்கப் போவதில்லை. இன்று நிறுவனங்களில் நடக்கும் பன்முகத் தலைமைப் பேச்சுக்கும் இதே குறை பொருந்தும். இயக்குநர் வாரியத்தில் ஒரு பெண்ணை அமர்த்திவிட்டுத் தொழிற்கூடத்துப் பெண்ணை மறந்துவிடுகிறோம் அல்லவா?

என்றாலும் ஒன்றை எடை போட வேண்டும். துண்டாடல் காலத்தில் சம்பந்தனின் நிலையில் இருந்த ஒரு தோட்டக்காரர் வாரிசு தாமும் நிலத்தைத் துண்டு போட்டு விற்றிருக்கலாம். விற்றவர்களை யாரும் குற்றம் சொல்லவில்லை, சந்தை அப்படி என்றார்கள். தம் வகுப்பாருக்கு லாபம் தந்த ஒரு வழியை அடைக்க அவர் நின்றார். தலைமையில் பிறரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசும் முதலாளிகள் பலர் தங்கள் நாற்காலிக்கு ஆபத்து இல்லாத வரை பேசுவார்கள். இவர் தொட்டது சொத்துரிமையை.

அரசியலில் அவருக்குக் கிடைத்த முடிவு இனிப்பானதன்று. கட்சிக்குள் பல ஆண்டுகள் நடந்த பூசல் முற்றி, 1973 ஜூன் மாதத்தில் வீ. மாணிக்கவாசகத்திடம் தலைமையை ஒப்படைத்து விலகினார். பதினெட்டு ஆண்டுகள் இருந்த பதவி. அடுத்த ஆண்டு அமைச்சரவையிலும் இல்லை. பதவி போனதும் கூட்டுறவுச் சங்கத்தையும் விட்டுவிட்டுச் சுங்கை சிப்புட்டில் ஓய்ந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவரோ மிஞ்சிய காலத்தை அந்தச் சங்கத்துக்கே கொடுத்தார். அமைச்சராக இருந்து தொடங்கியதை, அமைச்சர் பதவி இல்லாத சங்கத் தலைவராக நின்று வளர்த்தார். 1979 மே 18ஆம் நாள் அவர் மறைந்தபோது வயது அறுபதைத் தொடவில்லை. அவருக்குப் பின் கே. ஆர். சோமசுந்தரம் நீண்ட காலம் சங்கத்தை நடத்தினார். கோலாலம்பூரில் உள்ள சங்கக் கட்டடத்துக்கு விஸ்மா துன் சம்பந்தன் என்றே பெயர்.

பாட்டி அவரை ஒருமுறையும் நேரில் பார்த்ததில்லை. தமிழ் நேசனில் வந்த படத்தை மட்டும் பார்த்திருக்கிறார். இறப்புச் செய்தி வந்த அன்று வீட்டில் விளக்கேற்றி வைத்தாராம்.

ஆனால் புக்கிட் சிடிம் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டார். 1974ஆக இருக்கலாம், அப்பாவுக்கு அப்போது பத்து வயது. சின்னத் தாத்தா லாரி ஓட்டுநர். கூலிம் பக்கம் சரக்கு இறக்கப் போகிறேன், வருகிறீர்களா அண்ணி என்று கேட்க, பாட்டி அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஏறிவிட்டார். குரூண், சுங்கைப் பட்டாணி எல்லாம் தாண்டி, கேட்டுக் கேட்டுத் தோட்டத்துச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. பால் எடுத்து முடிந்து நிரைகள் வெறிச்சோடிக் கிடந்தன. பாட்டி யாரையும் போய்ப் பார்க்கவில்லை, ஆபீஸ் பக்கமும் போகவில்லை. சாலையோரத்து நிரைக்குள் இறங்கி, மரத்துக்கு மரம் நின்று பட்டையைத் தடவிப் பார்த்தாராம். ஒரு மரத்தின் வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நகத்தால் உரித்து, உருட்டி, மங்குக்குள் போட்டாராம். இன்னொரு மரத்தடியில் காற்றுக்கு விழுந்து கவிழ்ந்திருந்த மங்கைத் துடைத்து மறுபடியும் கம்பியில் பொருத்தினாராம். நேரமாகிறது என்று சின்னத் தாத்தா லாரியில் இருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாராம். பாட்டி அந்த நிரையின் கடைசி மரம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்.